ஒரு கப் மாம்பழம் எத்தனை கிராம்?

முதல் தடவை வாழைப்பழ கேக் செய்தபோது அதை வெட்டவே முடியவில்லை. கத்தி பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. குறிப்பு டெக்சாஸில் இருக்கும் அண்ணி அனுப்பியது. 'மசித்த வாழைப்பழம் ஒன்றரை கப்' என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். நானும் ஒன்றரை கப் அளந்துதான் போட்டேன்.

போனில் அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பழத்த நறுக்கி அளந்தியா, மசிச்சு அளந்தியா?"

"நறுக்கி அளந்துட்டு அப்புறம் மசிச்சேன் அண்ணி."

"அப்ப மூணுல ஒரு பங்கு பழம் கேக்குக்குள்ள போகவே இல்ல."

கணக்குப் போட்டுப் பார்த்தால் அண்ணி சொன்னது அப்படியே சரி. வில்லைகளாக நறுக்கிய வாழைப்பழம் ஒரு கப்புக்கு ஏறத்தாழ 150 கிராம்தான் பிடிக்கும். மசித்தது 225 கிராம் பிடிக்கும். ஒன்றரை கப்புக்கு நான் போட்டிருக்க வேண்டியது 340 கிராம் அளவுக்கு. போட்டது 225. ஈரப்பதம் தர வேண்டிய பழம் குறைந்தால் கேக் உதிராமல் என்ன செய்யும்?

வெளிநாட்டுக் குறிப்பில் கப், நம் ஊர்க் கடையில் கிலோ. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கிறவர்களுக்காக, நான் இப்போது எப்படி அளக்கிறேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கப் எவ்வளவு பிடிக்கும் என்று பாருங்கள்

அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் ஏறத்தாழ 240 மில்லி. ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானியக் குறிப்பு என்றால் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மில்லிதான். அதை எடுத்து கேக்குக்கு அளந்தால் எல்லாமே முக்கால் பங்குதான் விழும். நம் வீட்டு ஆழாக்கு 168 மில்லி என்பது கணக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் கூடவும் குறையவும் இருந்தது என்பதால், பாட்டி காலத்து ஆழாக்கை நம்பி இறங்க வேண்டாம்.

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. கப்பைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி உங்கள் கப். தண்ணீருக்கு மட்டும் கிராமும் மில்லியும் ஒன்றுதான். நான் பத்து வருஷமாக '1 கப்' என்று நினைத்துப் பழகியிருந்த எவர்சில்வர் டம்ளர் 210 காட்டியது. அந்த எண்ணைப் பெர்மனன்ட் மார்க்கரால் டம்ளரின் அடியில் எழுதி வைத்துவிட்டேன்.

240-க்கும் 250-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். பழ விஷயத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

கப்பில் காற்று எவ்வளவு?

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு தடவை செய்து பாருங்கள். 240 மில்லி கப்பில் விதையில்லாத திராட்சையைத் தலைதட்டி நிரப்புங்கள். 'கப் நிறைந்துவிட்டது' என்று கண் சொல்லும். இப்போது அதிலேயே மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிட்டத்தட்ட 100 மில்லி போன பிறகுதான் விளிம்பைத் தொடும். அந்த 100 மில்லியும் அதுவரை காற்றாக இருந்தது. நீங்கள் அளந்த ஒரு கப் திராட்சையில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் இடைவெளி.

மாம்பழத் துண்டு என்றால் இடைவெளி கொஞ்சம் குறையும், 80 மில்லி தண்ணீர் பிடிக்கும். சின்னச் சின்னதாக நறுக்கினால் இன்னும் நெருங்கி உட்காரும். பெரிய துண்டு என்றால் காற்று அதிகம். மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிவிட்டால் காற்றுக்கு இடமே இல்லை, எடை சட்டென்று ஏறிவிடும். பழம் மாறவில்லை, அது கப்பில் உட்காரும் விதம்தான் மாறுகிறது.

ஸ்ட்ராபெரியில் இதை நன்றாகப் பார்க்கலாம். முழுசாக ஒரு கப் 144 கிராம். வில்லையாக நறுக்கினால் 166. அரைத்தால் 232. 'ஒரு கப் ஸ்ட்ராபெரி எத்தனை கிராம்?' என்று யாராவது கேட்டால், 'எந்த ஒரு கப்?' என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயம்.

குறிப்பை வாசிக்கும்போது

என் கேக் கவிழ்ந்தது இங்கேதான். 'நறுக்கிய மாம்பழம் 1 கப்' என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். 'திராட்சை 1 கப், பாதியாக வெட்டியது' என்றால் முழுத் திராட்சையை அளந்துவிட்டு வெட்ட வேண்டும். ஆங்கிலக் குறிப்புகளில் கால்புள்ளிக்கு முன்னால் இருப்பது அளக்கும் நிலை, பின்னால் இருப்பது அதற்கப்புறம் செய்யும் வேலை. தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால், அந்தப் பழம் எந்த நிலையில் பாத்திரத்தில் விழுகிறதோ அந்த நிலையில் அளப்பது பெரும்பாலும் சரியாக வரும்.

இன்னொரு பொறி அவுன்ஸ். '8 அவுன்ஸ் ஒரு கப்' என்பது தண்ணீர், பால், சாறு போன்ற திரவத்துக்கு மட்டும். அது கொள்ளளவு அவுன்ஸ். ஒரு குறிப்பில் '8 அவுன்ஸ் ப்ளூபெரி' என்று இருந்தால் அது எடை அவுன்ஸ். ஒன்று 28.35 கிராம், எட்டு என்றால் 227 கிராம். ப்ளூபெரி ஒரு கப்புக்கு 148 கிராம்தான் பிடிக்கும் என்பதால் அது ஒன்றரை கப். அதே 8 அவுன்ஸ் ஆப்பிள் வில்லை என்றால் இரண்டு கப். பவுண்டு என்று வந்தால் 454 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அமெரிக்காவில் பெர்ரிப் பழங்களைப் 'பைன்ட்' கணக்கிலும் விற்கிறார்கள். சின்னப் பெட்டியில் நிரப்பிக் கொடுப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் நமக்குப் புதிதில்லை. பள்ளிக்கூட வாசலில் இலந்தைப்பழம் விற்ற பாட்டி தராசா வைத்திருந்தார்? ஒரு சின்னத் தகர டப்பா. அதன் அடி உள்பக்கம் குழிந்து மேலே ஏறியிருக்கும். மேலே கோபுரமாகக் கொட்டித் தருவதால் அடியில் போனது நமக்குத் தெரியாது. குட்டிப் பழத்தைக் கொள்ளளவில் விற்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான் போலிருக்கிறது. ஸ்ட்ராபெரி ஒரு பைன்ட் என்றால் ஏறத்தாழ 340 கிராம்.

ஒரு கப்புக்கு எத்தனை கிராம்

கீழே இருப்பவை எல்லாம் 240 மில்லி கப்புக்கு. தோல், கொட்டை, காம்பு எல்லாம் போன பிறகு உள்ள எடை. ஐந்து பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாம்பழத் துண்டு: 165
மாம்பழக் கூழ்: 250
அன்னாசித் துண்டு: 165
கொய்யாத் துண்டு: 165
பப்பாளித் துண்டு: 145, மசித்தது: 230
வாழைப்பழ வில்லை: 150, மசித்தது: 225
ஆப்பிள் பொடித் துண்டு: 125, வில்லை: 110
திராட்சை: 150
தர்பூசணித் துண்டு: 150
மாதுளை முத்து: 175
கமலா ஆரஞ்சு சுளை: 195
உலர்திராட்சை, லேசாக: 145, அழுத்தி: 165
நறுக்கிய பேரீச்சை: 147

மொத்தத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். துண்டு என்றால் 150-ஐ ஒட்டி, கூழ் என்றால் 230-க்கு மேல், இந்த இரண்டு மட்டும் மண்டையில் நின்றால் பாதி வேலை முடிந்தது. விலகி நிற்பவை சிலதான். ஆப்பிள் லேசு, ஏனென்றால் அதன் சதைக்குள்ளேயே காற்று இருக்கிறது. மொத்தக் கன அளவில் கால் பங்கு காற்றுதான், அதனால்தான் வாளியில் போட்டால் மிதக்கிறது. மாதுளை முத்தும் கமலா சுளையும் ஒன்றோடொன்று ஒட்டி உட்காருவதால் கனம். சாறு எதுவானாலும் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். ஆரஞ்சுச் சாறு ஒரு கப் 248 கிராம், எலுமிச்சைச் சாறு 244. மில்லியையும் கிராமையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டாலும் குடி முழுகாது.

தேங்காயையும் பழம் என்றுதான் தாவரவியல் சொல்கிறது. துருவியது ஒரு கப் 80 கிராம்தான். பஞ்சு மாதிரி.

உங்கள் கப் 240 இல்லை என்றால், உங்கள் கப்பின் மில்லியால் பெருக்கி 240-ஆல் வகுத்துவிடுங்கள். 180 மில்லி குக்கர் கப்பில் மாம்பழத் துண்டு: 165 பெருக்கல் 180 வகுத்தல் 240, அதாவது 124 கிராம்.

கடையில் எவ்வளவு வாங்குவது?

குறிப்பில் இருப்பது சதையின் அளவு. கடைக்காரர் நிறுத்துக் கொடுப்பது தோலும் கொட்டையும் சேர்த்து. மாம்பழம் ஒரு கிலோ வாங்கினால் 600 முதல் 650 கிராம் சதை தேறும். பங்கனபள்ளி மாதிரி சதைப்பற்றான பழத்துக்கு இந்தக் கணக்கு. கொட்டை பெரிசாக இருக்கும் நாட்டு மாம்பழத்தில் பாதி தேறினால் பெரிது. ஆக ஒரு கிலோ பங்கனபள்ளியில் துண்டு என்றால் நாலு கப்புக்குக் கொஞ்சம் குறைவு, கூழ் என்றால் இரண்டரை கப்.

அன்னாசி கொண்டையோடு ஒரு கிலோ என்றால் பாதிதான் வாய்க்கு வரும், மூன்று கப் துண்டு. மாதுளையும் ஏறத்தாழ பாதி. பப்பாளியில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். ஆப்பிளில் தோலோடு நறுக்கினால் நடுத்தண்டு மட்டும்தான் நஷ்டம், பத்தில் ஒரு பங்கு. பலாப்பழத்தைப் பற்றி என் ஒரே ஆலோசனை, சுளையாகவே நிறுத்து வாங்கிவிடுங்கள். முழுப் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு சுளை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து, பிசினோடு மல்லுக்கட்டி... கேசரிக்கு ஒரு கப் பலாச்சுளை வேண்டும் என்பதற்காக இதெல்லாம் தேவையா?

வாழைப்பழம் தனிக்கதை. 'நடுத்தர வாழைப்பழம் 3' என்று அமெரிக்கக் குறிப்பு சொன்னால், அது நீளமான மோரிஸ் பழ வகை. தோல் உரித்த பிறகு ஒன்று 118 கிராம் அளவில் இருக்கும். மூன்று பழம் 350 கிராம், மசித்தால் ஒன்றரை கப். அதே 'மூன்று' என்று ஏலக்கியை உரித்துப் போட்டால் அரை கப் தேறுவதே கஷ்டம். பூவன் ஒரு அளவு, ரஸ்தாளி ஒரு அளவு, செவ்வாழை இன்னொரு அளவு. எண்ணிக்கையை மறந்துவிட்டு உரித்த பழத்தை நிறுத்துப் போடுங்கள். மலைப்பழத்தை இந்த கேக்கில் போடாதீர்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். அதன் மணமே வேறு, அதை அப்படியே சாப்பிடுவதுதான் அழகு.

எலுமிச்சையிலும் இதே குழப்பம். அவர்கள் ஊர் மஞ்சள் எலுமிச்சை பெரிசு. 'ஒரு எலுமிச்சையின் சாறு' என்றால் மூன்று டேபிள்ஸ்பூன், அதாவது 45 மில்லி. நம் எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தால் ஒன்று, மிஞ்சிப் போனால் ஒன்றரை டேபிள்ஸ்பூன். இரண்டு மூன்று பழம் பிழிய வேண்டியிருக்கும்.

ஜாமில் ஒரு கணக்கு

எடையும் கொள்ளளவும் எங்கே உண்மையாகவே அடித்துக்கொள்ளும் என்றால் ஜாமில். 'மாம்பழம் 2 கப், சர்க்கரை 2 கப்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது என்று வையுங்கள். பார்க்க சரிக்குச் சரி மாதிரித் தெரியும்.

சர்க்கரை ஒரு கப் 200 கிராம், இரண்டு கப் 400. மாம்பழத்தைத் துண்டாக அளந்தால் 330 கிராம். பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். கூழாக அளந்தால் 500 கிராம். இப்போது பழம் அதிகம். அதே குறிப்பு, அதே கப், ஆனால் முதல் ஜாம் பாகுபோல இறுகித் தித்திக்கும். இரண்டாவது இறுக நேரமெடுக்கும். அவசரப்பட்டு இறக்கினால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், சர்க்கரையின் அடர்த்திதானே ஜாமைக் கெடாமல் காப்பது.

அதனால் ஜாமுக்கு நான் கப்பை எடுப்பதே இல்லை. கொட்டை நீக்கிய சதை எத்தனை கிராம் என்று நிறுத்து, அதைவைத்துச் சர்க்கரை. புளிப்பான பழம் என்றால் சரிக்குச் சரி, நல்ல இனிப்பான பழம் என்றால் முக்கால் பங்கு. முக்கால் பங்கு போட்டதை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

கையில் இருக்கும் குறிப்பு கப்பில்தான் எழுதியிருக்கிறது, எழுதியவரைக் கேட்கவும் முடியாது என்றால்? செய்முறையைப் படியுங்கள். 'பழத்தை மசித்து, சர்க்கரை சேர்த்து அடுப்பில் வை' என்றால் கூழ்க் கணக்கு. 'பழத்தையும் சர்க்கரையையும் கலந்து இரவு முழுக்க ஊறவிடு' என்றால் துண்டுக் கணக்கு. பெரும்பாலும் இப்படிப் பிடித்துவிடலாம்.

கேக், மஃபின், அல்வாவுக்கும் எடைதான் பாதுகாப்பு. பழக்கலவை, கஸ்டர்ட், மில்க் ஷேக், அன்னாசி ரசம், இவற்றுக்கெல்லாம் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தால் வீட்டில் சிரிப்பார்கள். கைப்பிடியே போதும்.

தராசே இல்லையென்றால்

கடைத் தராசை உங்கள் தராசாக்கிக்கொள்ளுங்கள். திராட்சை கால் கிலோ கேளுங்கள். வீட்டுக்கு வந்து காம்பை எடுத்துவிட்டு உங்கள் டம்ளரால் அளந்து பாருங்கள். 'கால் கிலோ, நம் டம்ளரில் இத்தனை' என்று எழுதி வையுங்கள். பேரீச்சையும் உலர்திராட்சையும் பாக்கெட்டிலேயே எடை போட்டு வருவதால் இன்னும் சுலபம். இப்படி ஒரு மாதம் செய்தால் உங்கள் டம்ளருக்கே உரிய பட்டியல் வந்துவிடும். என்னுடையது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, எண்ணெய்க் கறையோடு.

டின்னில் வரும் பழத்தில் இரண்டு எடை போட்டிருப்பார்கள். பாகோடு ஒன்று, பாகை வடித்த பிறகு ஒன்று. சமையலுக்கு இரண்டாவதைப் பாருங்கள். மாம்பழக் கூழ் டின் 850 கிராம் என்றால் அதில் மூன்று கப்பும் இன்னொரு கால் கப்புக்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கும். ஃபிரீசரில் வைத்த பழத்தைக் கட்டியாக இருக்கும்போதே அளங்கள். உருகினால் துவண்டு படுத்துவிடும், ஒரு கப் இருந்தது முக்கால் கப்பாகத் தெரியும். நிறுத்துப் போட்டால் இந்தச் சிக்கலே இல்லை, அடியில் தேங்கிய சாற்றையும் சேர்த்து நிறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, எலுமிச்சை அளவு புளி

பழத்தை அளக்க இவ்வளவு பாடுபடுகிறோம். நம் சமையலறையிலோ பழமே அளவுகோல். எலுமிச்சை அளவு புளி, நெல்லிக்காய் அளவு வெண்ணெய், சுண்டைக்காய் அளவு பெருங்காயம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கை தானாகவே உருட்டும். டெக்சாஸில் பிறந்த என் அண்ணன் மகளுக்கு எப்படித் தெரியும்? போன மாதம் அவள் முதன்முதலாக ரசம் வைத்திருக்கிறாள். 'எலுமிச்சை அளவு புளி' என்று நான்தான் எழுதி அனுப்பியிருந்தேன். அவள் சூப்பர் மார்க்கெட் மஞ்சள் எலுமிச்சையைப் பக்கத்தில் வைத்து, அதே அளவுக்குப் புளியை உருட்டிப் போட்டிருக்கிறாள்.

"அத்தை, பல்லு கூசுது" என்று குரல்பதிவு வந்தது. பின்னாலிருந்து அண்ணி சிரிக்கும் சத்தமும் கேட்டது. கேக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கே புளியை எடுத்து, வழக்கம்போல உருட்டித் தராசில் வைத்தேன். விதையும் நாரும் எடுத்த புளி, நன்றாக அழுத்திய உருண்டை, 30 கிராம். நெல்லிக்காய் அளவுக்கு உருட்டியது 13. இரண்டையும் அவளுக்கு எழுதி அனுப்பினேன். நாலு பேருக்கான ரசத்துக்கு 13 போதும், 30 வத்தக்குழம்புக்கு.

உடனே பதில் வந்தது: "சுண்டைக்காய்னா எத்தனை கிராம் அத்தை?"

என் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. கால் டீஸ்பூன் தூள் பெருங்காயம் போடச் சொன்னேன்.